அக்காவின் கிரேக்க வினைச்சொல்

பீச் பழம் கனியும்போது தித்திப்போடு லேசான புளிப்பு வாசனையும் ஏறும். பிஸ்கட்டவே என்ற அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் அம்மா செய்தித்தாள் விரித்துப் பரப்பிவைத்திருந்த பழங்களின் அந்த வாசனை மாடிவரை வந்த ஒரு ஜூலையில்தான், ஒரு சொல்லைக் கண்டும் நடுங்க முடியும் என்று தெரிந்துகொண்டேன். "அழுத்திப் பாக்காதடி, கன்னிப்போயிரும்" என்று அம்மா நாளுக்கு நாலு தடவை சொல்லுவாள்.

எனக்கு அப்போது பத்து வயது. அக்கா நித்யாவுக்குப் பத்தொன்பது. அவள் பார்மசி படிக்கிறாள் என்று ஈரோட்டுச் சொந்தங்கள் முதல் கோயிலில் பார்க்கும் ஆன்ட்டிகள் வரை எல்லோரிடமும் அப்பா சொல்லிவைத்திருந்தார். அவள் மேசையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்த கட்டிலிருந்து ஓர் அட்டையை, கேட்காமலே உருவி, என் தமிழ் நோட்டில் பக்க அடையாளத்துக்கு வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் எனக்குப் புரியாத எழுத்து. மறுபக்கம் "ஓர்காவோ" என்ற உச்சரிப்பும், ஈரத்தில் ஊறிப் பருப்பது, கனிவது, ஆசையில் தவிப்பது என்ற பொருள்களும் ஆங்கிலத்தில் இருந்தன.

அன்று மாலை அப்பா நோட்டைத் திருத்த உட்கார்ந்த பிறகுதான் அட்டை என் நினைவுக்கு வந்தது. அவர் அதைப் படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் படித்தார்.

"நித்யா, கீழ வா."

அக்கா வந்தாள். அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னை.

"பார்மசிக்கு எதுக்கு இந்த அசிங்கமெல்லாம்?"

"அசிங்கமில்லப்பா, இது கிரீக் வெர்ப். மழை பெஞ்சு நிலம் விதைக்குத் தயாரா இருக்கும்ல, அதுக்கு இந்த வார்த்தைதான். பழம் பழுக்கறதுக்கும் இதுதான். மனுஷங்களுக்குச் சொன்னா, ஒண்ணு வேணும்னு தவிக்கறது."

அடுப்பை அணைத்துவிட்டு வந்த அம்மா கேட்டாள்: "உனக்கு என்னடி வேணும்?"

"பார்மசிய டிராப் பண்ணிட்டேன்மா. ஜனவரிலயே. எனக்கு கிரீக்தான் படிக்கணும்."

அப்பா கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா போன் செய்தாள். அவருடைய போன் சோபாவிலேயே கிடந்து அடித்தது. எங்கேயாவது ஃப்ரீவேயில் மோதிவிட்டிருப்பார், நான்தான் அவரைக் கொன்றுவிட்டேன் என்று மாடிப்படியில் உட்கார்ந்து, தெருவில் போன ஒவ்வொரு காரின் சத்தத்தையும் மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளிச்சம் போவதற்குள் திரும்பி வந்தார், சாப்பிடவில்லை. அட்டை எப்படி அந்த நோட்டுக்குள் வந்தது என்று நான் சொல்லவில்லை. அக்காவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் இரண்டு பெட்டிகளோடு ஒரு தோழியின் அபார்ட்மென்ட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது அவள் டெக்சாஸில் கிரேக்கம் சொல்லிக்கொடுக்கிறாள். பிஸ்கட்டவே வீட்டை விற்றாகிவிட்டது. அப்பா வருஷம் ஒரு முறை அவளிடம் போய் இருந்துவிட்டு வருகிறார். சண்டை ஏதும் இல்லை. ஆனால் அந்த ஜூலைவரை அவளை "கண்ணு" என்று தவிர வேறெப்படியும் கூப்பிடாதவர், இன்று போனை எடுத்ததும் "ஹலோ நித்யா, ஹவ் ஆர் யூ?" என்கிறார். அவளும் ஆங்கிலத்திலேயே, மிக மரியாதையாக, நலம் என்கிறாள்.