சாக்கைக் கனம் போட்ட திலகவதி டீச்சர்

திலகவதி டீச்சர் இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தியாகதுருகத்தில் தம் வீட்டில், மாரடைப்பால் காலமானார். வயது ஐம்பத்து மூன்று. கல்வராயன் மலையிலுள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். பள்ளிக்கு அவரையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள்.

செய்தி வந்தபோது கள்ளக்குறிச்சி குடோனில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். மலையிலிருந்து குப்பு போன் செய்தார். குப்பு எனக்குப் பல வருடங்களாகக் கடுக்காய் கொடுக்கும் பெண்மணி. விலை கேட்காமல் அவர் என்னிடம் போனில் பேசியது அதுதான் முதல் தடவை.

"யாவாரி, நம்ம டீச்சர் பூட்டாங்க."

"எந்த டீச்சர்?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன். வேறு யாராவதாக இருக்கட்டும் என்று ஒரு நப்பாசை.

பதினாறாம் நாள் காரியத்தில் படிப்பதற்காக எழுதித் தரும்படி டீச்சரின் கணவர் கேட்டார். "படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் ஐந்தாவதோடு நின்றவன்" என்றேன். "உங்களோடு சண்டை போட்ட கதையைத்தான் அவள் வீட்டில் அதிகம் சொல்லியிருக்கிறாள். அதையே எழுதுங்கள்" என்றார். எழுதுகிறேன். எனக்குச் சாதகமாகத் திருத்தாமல் எழுதுகிறேன்.

நான் சின்னசேலத்தில் மூட்டை தூக்கி, பிறகு மூட்டை வாங்கி, பிறகு மூட்டை விற்றவன். மலையில் கடுக்காயும் புளியும் வாங்குகிறேன். கடுக்காய், தோல் பதனிடும் ஆலைகளுக்குப் போகும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, தோளில் துணிப்பையோடு டீச்சர் என் குடோனுக்கு வந்தார். மெலிந்த உடம்பு. குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"கிழிஞ்ச சாக்கு இருக்குங்களாண்ணா?"

"கிழிஞ்சத வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

"எங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க படம் பண்ணும்."

"சாக்குலயா? காயிதம் இல்லியா?"

"காயிதத்துல வரைஞ்சா வரைஞ்சதோட முடிஞ்சிடும். சாக்குன்னா நூல் பிரிக்கலாம், எண்ணலாம், சாயம் போடலாம், கனம் போட்டுப் பாக்கலாம்."

இலவசமாகக் கேட்பவர்கள் இவ்வளவு விளக்கம் சொல்லி நான் பார்த்ததில்லை. எலி கடித்த சாக்குகள் பன்னிரண்டு எடுத்துக் கொடுத்தேன். கூடவே நல்ல சாக்கு ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "அது எதுக்கு?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அடுத்த முறை மலைக்குப் போனபோது பள்ளிக்கூட வாசலில் புகை தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். மூன்று கல் அடுப்பில் கடுக்காய்த் தோல் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சாற்றில் நனைத்த சாக்குத் துண்டுகளைப் பிள்ளைகள் படிகாரம் போட்ட சட்டியில் முக்கினால் மஞ்சளாக வந்தது. துருப்பிடித்த ஆணி ஊறிய சட்டியில் முக்கினால் கன்னங்கரேலென்று வந்தது. குப்புவின் மகள் மல்லிகா அப்போது நாலாம் வகுப்பு. கருப்புத் துணியை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"யாவாரி மாமா, நீதான் இத்த வண்டி வண்டியா வாங்கறியே. இது ஏன் கருப்பாவுது, சொல்லு?"

எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் கடுக்காய் வியாபாரம் செய்தவனுக்குக் கடுக்காய் விலை தெரியும், கடுக்காயைத் தெரியாது. டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மாமாவுக்கு இது வீட்டுப்பாடம். அடுத்த வாரம் கேட்டுக்கினு வந்து சொல்லுவாரு" என்றார்.

நாற்பத்தாறு வயதில் வீட்டுப்பாடம்! தோல் ஆலைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "உனக்கு எதுக்குய்யா இதெல்லாம்?" என்று அவர் சிரித்தார். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு பிறக்கும் என்பதை அடுத்த வாரம் அந்த வகுப்பில் நின்றுகொண்டே சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

டீச்சரின் வழி அதுதான். வெள்ளிக்கிழமை பிற்பகல் முழுக்கக் கைவேலை. கைவேலை முடிந்ததும் ஒரே கேள்வி: "இதுல வேற இன்னா இருக்குது?" சாயத்தில் அறிவியல் இருக்கும். சாக்கு நூலைப் பிரித்தால் பெருக்கல் இருக்கும். முடித்த பொருளைப் பற்றி நாலு வரி எழுதினால் தமிழ் இருக்கும். "படம் அழகா இருக்குதான்னு மட்டும் கேட்டா, நல்லா வரையற ஒரு புள்ளதான் சந்தோசமா போவும். வேற இன்னா இருக்குதுன்னு கேட்டா, எல்லாப் புள்ளயும் பேசும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

இனி அந்தச் சாக்கு விஷயம்.

மலையில் கடுக்காய் வாங்கும் வியாபாரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூட்டையை எடை போட்டுவிட்டு, "சாக்கு கனம்" என்று சொல்லி மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்போம். எனக்கு முன்னால் இருந்தவர்களும் கழித்தார்கள். நானும் கழித்தேன். கொடுப்பவர்களும் கேட்டதில்லை.

பள்ளியில் கண்காட்சி என்று டீச்சர் என்னை அழைத்தார். சாக்கு கொடுத்தவர் என்ற முறையில் முதல் வரிசையில் நாற்காலி. பெற்றோர் எல்லாரும் வந்திருந்தார்கள். சுவரில் சாக்கில் செய்த மயில், கரடி, முகமூடி. பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் இரண்டு சாக்குப் படங்கள் தொங்கின. பெரியது கருப்புச் சாயத்தில்: "யாவாரி சொல்ற சாக்கு, இரண்டு கிலோ." சிறியது மஞ்சளில்: "நாங்க கனம் போட்ட சாக்கு, முக்கால் கிலோ." கீழே களிமண் மணிகளைக் கோத்த ஒரு மாலை. கூடுதலாகக் கழித்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு மணி. பத்து மூட்டை போட்ட வீட்டுக்குப் பன்னிரண்டரை மணி. அந்த அரை மணியை நடுவில் சரியாக அறுத்துச் சுட்டிருந்தார்கள்.

பிள்ளைகள் மூங்கிலில் தராசு கட்டி, மணல் பைகளை எடைக்கல்லாகத் தைத்து, அவற்றை ரேஷன் கடைத் தராசில் வைத்துச் சரிபார்த்த பிறகே, நான் கொடுத்த அந்த நல்ல சாக்கைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

பெற்றோர் மாலையைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். குப்பு மணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான் டீ குடிக்காமல் வண்டி ஏறினேன்.

அடுத்த வாரம் என் வண்டி மலைக்குப் போய் வெறுமையாகத் திரும்பியது. அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. நானே போனேன். பீடி பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "வா யாவாரி. இன்னிக்கு சாக்கு எவ்ளோ கனம்? வெயில்ல எளைச்சிருக்குமே?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பருவம் இரண்டு மாதம்தான். அந்த ஊர் போனால் பக்கத்து ஊர்களும் போகும். என் பிழைப்பே ஆட்டம் கண்டுவிட்டது. நேராகப் பள்ளிக்குப் போனேன்.

"இன்னா டீச்சர், நான் குடுத்த சாக்க வெச்சே எனக்குக் குழி வெட்டிட்டீங்களே?"

"உக்காருங்கண்ணா. தண்ணி குடிங்க."

"தண்ணி வாணாம். அந்தப் படத்த எடுங்க."

"புள்ளைங்க கணக்குல தப்பு இருந்தா சொல்லுங்க. இப்பவே எடுத்துடறேன்."

கணக்கில் தப்பில்லை. அதனால் குரலை உயர்த்தினேன். "வெறும் சாக்குக்கா ரெண்டு கிலோ? அதுல தூசி இருக்குது, ஈரம் இருக்குது. எங்க குடோன்ல கெடந்து எவ்ளோ காயுது தெரியுமா உங்களுக்கு? எல்லாம் சேத்துதான் ரெண்டு கிலோ!"

"அப்புறம் ஏங்கண்ணா இத்தினி வருசமா சாக்கு கனம்னு சொல்லிக்கினு இருந்தீங்க?"

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

டீச்சர் தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார்: "நாங்க சாக்கத்தான் கனம் போட்டோம். உங்கள இன்னும் போடல. வெள்ளிக்கெழம வாங்க. ஈரத்தயும் போட்டுப் பாத்துடலாம்."

போனேன். வேறு வழியில்லை. குப்பு வீட்டுக் கடுக்காய் ஒரு கூடை, பீடிப் பெரியவர் வீட்டுக் கடுக்காய் ஒரு கூடை, இரண்டும் பத்துப் பத்துக் கிலோ, வகுப்புக்குள் விரித்துப் போட்டார்கள். தினமும் பிள்ளைகள் எடை போட வேண்டும். எடை எவ்வளவோ அந்த அளவுக்கு நீளமாகச் சாயத்துணிப் பட்டை வெட்டி, நாள் வரிசையில் சாக்கின் மேல் ஒட்ட வேண்டும். குப்புவுக்கு மஞ்சள். பெரியவருக்குக் கருப்பு.

ஏழாம் நாள் ஊரே வந்து பார்த்தது. மஞ்சள் பட்டைகள் ஏழும் ஒரே உயரம். கருப்புப் பட்டைகள் படிக்கட்டு போல இறங்கி ஒன்பது கிலோவில் வந்து நின்றன. அரைகுறையாகக் காய்ந்த சரக்கு அது.

"இதுல வேற இன்னா இருக்குது?" என்று டீச்சர் கேட்டார்.

மல்லிகாதான் சொன்னாள். "டீச்சர், மாமா எங்கம்மாகிட்டயும் ரெண்டு கிலோ புடிச்சாரு, தாத்தாகிட்டயும் ரெண்டு கிலோ புடிச்சாரு. எங்கம்மாளுது காஞ்சிது. புடிச்சது தப்பு. தாத்தாவுது காயல. அம்பது கிலோ மூட்டன்னா அஞ்சு கிலோ காஞ்சி பூடும், ரெண்டு புடிச்சும் மாமாவுக்கே நட்டம்."

எல்லாரும் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பீடியை அணைத்தார். "சரி சரி, யாவாரி சொன்னதுலயும் பாதி நெசம்தான். இன்னிக்கு நான் மாட்டிக்கினேன்" என்றார். அன்று நான் அந்த ஊரில் மறுபடியும் சிரித்தேன்.

எனக்கே அதுவரை தெரியாத கணக்கு அது. ஒழுங்காகக் காயவைத்தவரிடம் பிடித்து, அவசரப்பட்டவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். டீச்சர் நினைத்திருந்தால் என்மீது மனு எழுதிப் போட்டிருக்கலாம். இல்லாவிட்டால் எனக்காகப் படத்தைக் கழற்றியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. என் தப்பைத் தொங்கவிட்ட அதே சுவரில் என் நியாயத்தையும் தொங்கவிட்டார். அன்று அவர் முன்னிலையில் பேசி முடித்தபடியே பிறகு வந்த பருவங்களில் வாங்கினேன். சரக்கு நன்றாகக் காய்ந்து வந்தது. ஆலையில் என் கடுக்காய்க்கு நல்ல பெயர் வந்தது. என் தொழில் இன்று நிற்கிற நிலைக்கு அந்த ஏழு பட்டைகள்தான் காரணம் என்பதைக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு நான் அவருடைய தபால்காரனும் ஆனேன். ஒரு வருடம் பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக்கி, கல்வராயன் மலையை மேஜை அளவுக்குச் செய்தார்கள். காய்ந்து வர்ணம் அடித்த பிறகு உச்சியில் சொம்புத் தண்ணீரை ஊற்றினார்கள். தண்ணீர் ஓடிய வழியைப் பார்த்துத் தங்கள் ஊர் மழை கோமுகி அணைக்குப் போகிறது என்று கண்டுபிடித்தார்கள். உடனே கடிதம். அந்த அணைத் தண்ணீர் பாயும் வடக்கனந்தல் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு நான்தான் கொண்டுபோனேன். "எங்க தண்ணி வந்து சேர்ந்ததா?" என்று கேட்டிருந்தார்கள். பதிலும் வந்தது: "வந்து சேர்ந்தது. நெல் நட்டிருக்கிறோம். இன்னும் கொஞ்சம் அனுப்பவும்." அதைப் படித்துவிட்டு டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தது இப்போதும் கேட்கிறது.

இறுதிச் சடங்குக்கு மலையிலிருந்து இரண்டு வண்டி நிறைய ஆட்கள் தியாகதுருகம் வந்தார்கள். பிள்ளைகள் மாலைக்குப் பதிலாகச் சாக்கு நூலில் கோத்த களிமண் மணிகளைப் போட்டார்கள். கனமாக இருக்குமே என்று யாரோ எடுக்கப் போனார். டீச்சரின் கணவர் தடுத்துவிட்டார்.

பதினோராம் நாள் நான் மலைக்குப் போக வேண்டியிருந்தது. பருவம் தொடங்கிவிட்டது. கிளம்பும்போது என் மகன், "அதான் டீச்சர் இல்லியேப்பா. மத்தவங்க மாதிரி ரெண்டு கிலோ புடிச்சா யாரு கேப்பாங்க?" என்றான். அவனைக் கடுமையாகத் திட்டினேன். இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவன் சொல்வதற்கு முன்பே அந்த எண்ணம் எனக்கும் வந்து போயிருந்தது. அதனால்தான் அவ்வளவு சத்தமாகத் திட்டினேன்.

பள்ளி வாசலில் ஊர் கூடியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. இன்னொரு ஆசிரியர் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்.  குப்புதான் கேட்டார்.

"யாவாரி, டீச்சர் முன்னால பேசினது டீச்சரோட போச்சா, இருக்குதா? இப்பவே சொல்லிடு. மனசுல ஒண்ணு வெச்சிக்கினு தராசு தூக்காத."

"இருக்குது" என்றேன்.

"வாயால சொன்னா பத்தாது. டீச்சர் இருந்தப்ப வாய்ப்பேச்சே போதும். இப்போ எழுது."

பீடிப் பெரியவரும் தலையாட்டினார். பிள்ளைகள் ஒரு மஞ்சள் சாக்குத் துணியை விரித்தார்கள். கருப்புச் சாயமும் மூங்கில் குச்சியும் கொடுத்தார்கள். நான் சொல்ல, ஒரு சிறுமி எழுதினாள். கீழே என் பெயரை நானே எழுதினேன். சாயம் கையில் ஒட்டிக்கொண்டது. நாலு நாள் கழுவியும் போகவில்லை.

டீச்சர், உங்களுக்கு என் வணக்கம். மனம் நிறைந்த நன்றி. நிம்மதியாக உறங்குங்கள். சுவரில் மாட்டியிருப்பது இதுதான்:

வெறும் சாக்கை முதலில் கனம் போடுவது; அந்தக் கனம் மட்டுமே கழிவு. காய்ந்த சரக்குக்கு வேறு கழிவு இல்லை. காயாத சரக்கு வாங்குவதில்லை. பிள்ளைகளின் தராசில் பார்த்த பிறகே வியாபாரியின் தராசு. விலை, அன்றைய கள்ளக்குறிச்சி விலையில் வண்டி வாடகைக்காகக் கிலோவுக்கு ஒரு ரூபாய் மட்டும் கம்மி. பணம் அதே இடத்தில், கையில்.