மூன்றாம் ஓலை

கண்டமங்கலம் பக்கத்து ஊர்களில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது என் வேலை. அடையாள அட்டையில் கிராம சுகாதார செவிலியர் என்று இருக்கும், ஊருக்கு நான் நர்ஸம்மா. வயது, உயரம், எடை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்பேன்: "சொந்தத்துல கட்டிக்கினயா, அசல்லயா?" சொந்தம் என்று சொல்லிவிட்டால் போச்சு, உட்கார வைத்து ஒரு பிரசங்கம். ரத்த உறவில் கட்டினால் ஒரே குறை இரண்டு பக்கமிருந்தும் வந்து பிள்ளையிடம் சேரும், அடுத்த தலைமுறைக்காவது அசலில் பாருங்கள் என்று மனப்பாடமாகச் சொல்வேன்.

ஒருமுறை மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாமியார், தோலை ஊதிவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் சொல்றீங்க நர்ஸம்மா. நீங்க யாரைக் கட்டிக்கினீங்க?"

பக்கத்து வீட்டுக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்வது, நான் கட்டிக்கொண்டது என் அம்மாவின் கடைசித் தம்பியை. அது இந்த வட்டாரத்தில் ரேஷன் கடைக்காரர் வரைக்கும் தெரியும்.

எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். தாய்மாமனைக் கட்ட வேண்டுமென்றால் ஆயரிடமிருந்து விலக்குக் கடிதம் வர வேண்டும். அம்மா அதற்கு முன்பே தன் பங்குக்கு ஒரு விஞ்ஞானச் சோதனை நடத்திவிட்டாள். எங்கள் இருவரையும் விழுப்புரத்துக்கு அழைத்துப் போய் ரத்த குரூப் பார்க்க வைத்தாள். எனக்கு ஓ, மாமாவுக்கு பி. "ரத்தம் வேற வேற. ஒண்ணும் ஆவாது" என்று அங்கேயே தீர்ப்பு. ரத்த குரூப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நர்ஸ் டிரெய்னிங் முடித்த நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு மாமாவைப் பிடித்திருந்தது. ஆயரும் கையெழுத்துப் போட்டுத் திருச்சபையின் தடையை நீக்கினார். எங்கள் இருவர் உடம்பிலும் ஒளிந்திருந்த ஒரே பழுதுக்கு அந்தக் கடிதத்தின் நகல் மட்டும் போய்ச் சேரவில்லை.

மகன் பிறந்தான். பத்தாம் மாதம் அவன் முதுகுக்குப் பின்னால் நான் தாம்பாளத்தைத் தவறவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது, அவன் திரும்பவில்லை. அதன்பிறகு நாங்கள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. எந்த டாக்டரும் பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் என்னைத்தான் பார்ப்பார். "சொந்தத்துல கல்யாணமா?" அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டால் எப்படி வலிக்கும் என்று எனக்கு அத்துப்படி. அப்படியும் நானே வீடு வீடாய்ப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சர்க்காருக்கு என்மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள். அம்மா மட்டும் ஊரில், "கொழந்தையில வந்த ஜொரம், காத எடுத்துட்டுது" என்று சொல்லிவைத்தாள். இன்று வரை அதே ஜுரம்தான்.

அவனுக்கு இப்போது இருபத்தைந்து வயது. புதுச்சேரியில் ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறான். தினமும் பஸ்ஸில் போய் வருகிறான். நாங்கள் கையால்தான் பேசிக்கொள்வோம். அவனோடு சண்டை போட்டால் கை வலிக்கும், அவ்வளவு பேசுவான்.

அவனுக்கு அடுத்தவள் மகள். அவளுக்குக் காதுக்கு ஒன்றுமில்லை, நான் சொல்வது மட்டும்தான் கேட்காது. போன வருஷம் ஒருநாள் என் எதிரில் உட்கார்ந்து, "அம்மா, நான் மாமாவைத்தான் கட்டிக்கப் போறேன்" என்றாள். மாமா என்றால் என் கூடப்பிறந்த தம்பி. என் கல்யாணத்தில் மோதிரத் தட்டு தூக்கிக்கொண்டு வந்த பொடியன், இப்போது திண்டிவனத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். தங்கமான பையன். அதுதான் கொடுமை, குறை சொல்ல ஒரு பீடிகூடக் குடிக்க மாட்டான்.

நான் கத்தினேன். நான் சொல்லும் பிரசங்கத்தை என் வீட்டிலேயே எவரும் கேட்கவில்லையா என்று கத்தினேன். அம்மா குறுக்கே வந்து, "இன்னாத்துக்குடி பேஜாரு பண்ற? குரூப் பார்த்தாச்சு. இவளுக்கு பி, அவனுக்கு ஓ" என்றாள்.

விடவில்லை நான். மகன், மகள், தம்பி மூவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய சோதனை ஒன்று எடுக்க வைத்தேன். ரிப்போர்ட் வந்த அன்று அம்மாவும் எங்களோடு வந்தாள், டாக்டர் எல்லாரையும் உட்கார வைத்து நிதானமாக விளக்கினார். மகனின் காது கேளாமைக்குக் காரணமான மரபணு மகளிடமும் தம்பியிடமும் ஒவ்வொரு பங்கு இருக்கிறது. அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் இருவரும் சேர்ந்தால், நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

"நாலுல ஒண்ணுதான?" என்றாள் அம்மா, கண்ணெல்லாம் சிரிப்பாக. "அப்ப மூணு நல்லாப் பொறக்குமில்ல? ரெண்டோட நிறுத்திக்கினா போச்சு!"

ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று, ஒவ்வொரு தடவையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படும் என்று டாக்டர் சொன்னார். அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். கருவிலேயே பார்த்துவிடலாம் என்றும் அவர் சொன்னார். "பார்த்து?" என்று கேட்டேன். அது பெற்றவர்கள் முடிவு என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொறந்தாத்தான் இன்னாம்மா? அண்ணன் இன்னா கொறஞ்சு போய்ட்டான்? எனக்குக் கையால பேசத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். நீ ஒண்ணுமே தெரியாமத்தான ஆரம்பிச்ச?"

அவளுக்குத் தெரியாது. முதல் இரண்டு வருஷம் நான் எப்படி இருந்தேன், அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து எப்படிச் செத்தேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆயரிடமிருந்து மறுபடி விலக்குக் கடிதம் வந்தது. பங்கு சாமியார் எங்கள் ஊருக்குப் புதியவர், அம்மா சொன்ன ஜுரக் கதையை நம்பித்தான் சிபாரிசு எழுதியிருந்தார். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று. ரிப்போர்ட்டைக் காட்டினால் இந்த ஃபாதர் நிறுத்திவிடுவார், மறுபடி ஆயருக்கு எழுதுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். முதல் ஓலை அன்று தைரியம் வரவில்லை. இரண்டாம் ஓலை அன்று தலைவலி வந்தது.

மூன்றாம் ஞாயிறு ஃபைலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். பூசை முடிந்ததும் கொடுத்துவிடுவது என்று முடிவு. முதல் இரண்டு ஞாயிறும் வேலைக்குப் போய்விட்ட மகன் அன்று வந்திருந்தான். அவன் ஆண்கள் பக்கம் போக மாட்டான், என் பக்கத்தில்தான் உட்காருவான். ஃபாதர் வாயால் சொல்வதை நான் கையால் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

ஃபாதர் ஓலையை வாசித்தார். தங்கச்சி, மாமா, கல்யாணம் என்று என் கை சொல்லிக்கொண்டே போனது. தடை என்பதற்கு எங்கள் வீட்டில் ரயில்வே கேட் மாதிரி ஒரு கையைக் குறுக்கே இறக்குவோம். இறக்கினேன். அவன் நெற்றியைச் சுருக்கினான். என்ன தடை என்று கேட்டான்.

என் கை கைப்பையின் மேல் போனது. ஊசி போட்டு ரத்தம் எடுத்ததும், டாக்டர் எதிரில் நான் அழுததும், வீட்டில் நடந்த ரகளையும் அவன் பார்த்தவைதானே. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவன் மெதுவாகத் தன் நெஞ்சில் விரலை வைத்தான்.

நானா?

அந்த ஃபைலை நான் கொடுக்கவில்லை. கல்யாணம் நடந்தது. செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அன்று அவனிடம், இல்லடா, நீ இல்ல என்று கையால் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்து, மேற்கொண்டு பேசவிடாமல், தன் மடியில் வைத்துக்கொண்டான்.