ஆராய்ச்சிக்கு மொழிபெயர்த்த பாவம்

ஆராய்ச்சிக்குத் தகவல் சேகரிப்பது என்றால், முன்பின் தெரியாதவர் வீட்டில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்துவிட்டு, அவர் கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாததைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவது.

இரண்டு பேருக்கு நடுவில் நின்று ஒருவர் பேச்சை இன்னொருவருக்குச் சொல்லிப் பிழைத்தவர்கள் உங்களில் இருந்தால், இதற்கு மேல் படிக்காமலே என் நிலைமை புரிந்துவிடும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளின் ஆரம்பம் அது. நான் போர்ட் பிளேரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவன். ஜங்லிகாட்டில் தகரக் கூரை போட்ட வீடு. ஒரு பக்கம் தெலுங்குக்காரர், மறு பக்கம் மீன் விற்கும் வங்காளிக் குடும்பம். தீவு ஹிந்தி தானாக நாக்கில் ஏறியது. வங்காளி அந்தக் குடும்பத்தின் புண்ணியத்தில் வந்தது.

அதுவே வினையாயிற்று. தீவில் குடியேறிய மக்களைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி செய்யப்போவதாக மெட்ராஸிலிருந்து ஒரு புரொபசர் வந்து இறங்கினார். தமிழும் இங்கிலீஷும் தவிர அவருக்கு வேறு பாஷை தெரியாது. "சண்முகத்துக்கு எல்லாம் பேச வரும்" என்று யாரோ சொல்ல, என்னை அவரோடு அனுப்பிவிட்டார்கள்.

எட்டாவது கேள்வி

கைதியாக வந்து, தண்டனை முடிந்து, இங்கேயே குடும்பமாகிவிட்டவர்களின் வாரிசுகளை நாங்கள் 'லோக்கல்' என்போம். அப்படி ஒரு குடும்பத்தில்தான் எங்கள் வேலை ஆரம்பித்தது. ராம்சரண் என்று பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் போனபோது கூடத்தில் நாலைந்து பேர் நல்ல துணி உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் மிட்டாய் இருந்தது. "இன்னொரு நாள் வருகிறோம்" என்று நான் எழுந்தேன். "ஆட்கள் இருந்தால் நல்லதுதான், எல்லோர் கருத்தும் கிடைக்கும்" என்று புரொபசர் என்னை உட்கார வைத்தார்.

முதல் ஏழு கேள்விகள் ஒழுங்காகப் போயின. எட்டாவது, 'உங்கள் மூதாதையர் எந்தக் குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டார்?' நான் தயங்கினேன். புரொபசர் பேனாவால் தாளைத் தட்டினார். கேட்டுவிட்டேன். ராம்சரண் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். வயல் தகராறில் தாத்தா ஒருவனை வெட்டியதைத் தலை குனிந்தபடி சொன்னார். நல்ல துணி உடுத்தியிருந்தவர்கள் மிட்டாய்த் தட்டைத் தள்ளி வைத்ததை நான் பார்த்தேன். அவர்கள் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம் என்றும், அன்று அவர் பெண்ணைப் பார்க்க வந்திருந்தார்கள் என்றும், சம்பந்தம் நின்றுபோய் ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்:

"பாபு, வெள்ளைக்காரன் என் தாத்தாவுக்கு ஒரே ஒரு தடவைதான் தண்டனை கொடுத்தான்."

திருப்தி

அடுத்து, மரம் வெட்டும் காண்ட்ராக்டர் ஒருவரின் காட்டு முகாம். தொழிலாளிகளின் மனநிலையை அளக்க புரொபசர் ஐந்து கட்டம் போட்டு வைத்திருந்தார்: மிகுந்த திருப்தி, திருப்தி, சுமார், அதிருப்தி, மிகுந்த அதிருப்தி. ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். பெரும்பாலும் பீகாரில் ராஞ்சிப் பக்கமிருந்து கூலிக்குக் கொண்டுவந்த ஆட்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, போர்வையைச் சுற்றியபடி வந்து நின்ற ஒருவன்கூட 'மிகுந்த திருப்தி' என்றான். எல்லாத் தாளிலும் முதல் கட்டம்தான். புரொபசருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. தீவின் உழைப்பாளிகளிடம் ஒரு தனி நிறைவு இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

காளிமுத்து என்று ஒரு ஆள், திருநெல்வேலிப் பக்கம். அவனும் முதல் கட்டம்தான். திரும்பிப் படகுக்கு நடக்கும்போது எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "நெஜமாவே அவ்வளவு திருப்தியா?" என்று கேட்டேன். அவன் திரும்பி முகாமைப் பார்த்தான். யாரும் பின்னால் வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு சொன்னான்:

"அடுத்த வாட்டி தாள் அடிக்கும்போது, 'மேஸ்திரி பக்கத்துல நிக்காரு'ன்னு ஒரு கட்டம் சேத்துக்கிடுங்க சார்."

தாய்நாடு

சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளிக் குடும்பங்கள் சில, தெற்கே ரப்பர் தோட்டத்துக்குப் போகும் கப்பலுக்காக போர்ட் பிளேரில் காத்திருந்தன. தமிழ்க்காரர்கள் என்பதால் என் உதவி இல்லாமல் புரொபசரே நேரடியாகக் கேட்டார். ஓர் அம்மாள், பெயர் மாரியாயி, டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். "உங்கள் தாய்நாடாக நீங்கள் எதை உணர்கிறீர்கள்?" என்றார் இவர், மேடைத் தமிழில்.

அந்த அம்மாளுக்குக் கேள்வி புரியவில்லையோ என்று நான் வாயெடுத்தேன். அவள் கையமர்த்தினாள். தேயிலைத் தோட்டத்தில் கூலிகளுக்குக் கட்டிய லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். சிலோன்காரன் இந்தியாவுக்குப் போ என்றான், மண்டபம் முகாமில் இருந்தபோது ஊர்க்காரர்கள் சிலோன்காரி என்றார்கள், இப்போது அந்தமான். வெற்றிலையைத் துப்பிவிட்டு, கேலியே இல்லாமல், விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்:

"எந்தக் கப்பலுக்கு முந்தி கேக்குறீங்க, தொரை?"

மூடி வைத்த பேனா

இதுவரை சொன்னதையெல்லாம் ஆபீஸில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். இனி சொல்லப்போவதை என் மனைவியிடம்கூட ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னேன்.

பாராடாங் தீவைத் தாண்டி, உப்பங்கழியில் படகில் போய்ச் சேரும் ஒரு குடியேற்றக் கிராமம். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்குக் காட்டை வெட்டி நிலம் கொடுத்திருந்தார்கள். புரொபசருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. என்னைத் தனியாக அனுப்பினார். அனுப்பும்போது ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார்: "சண்முகம், பேனாவை மூடிப் பையில் வச்சுட்டு, சும்மா பேசுற மாதிரி கேளுங்க. அப்பத்தான் உண்மை வரும்."

வந்தது. சாருபாலா என்ற பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் வீட்டுக்காரர் நிகில்தான் அந்த ஊர்ப் படகுத் துறையில் படகோட்டி. நான் மூன்று நாள் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் நிகில் படகுக்குப் போன பிறகு, மீன் ஆய்ந்தபடி அவளாகவே சொன்னாள். அவள் புருஷன் நிகில் இல்லை. கலவரத்தில் ஓடி வரும்போது ஆற்றங்கரைக் கூட்டத்தில் கையை விட்டுத் தவறிப்போன புருஷன் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி அப்புறம் தகவலே இல்லை. அகதி முகாமில், குடும்பமாக இருப்பவர்களுக்குத்தான் அந்தமானில் நிலம் என்றார்கள். நிகில் மனைவியை இழந்தவர். இரண்டு பேரும் கணவன் மனைவி என்று பெயர் கொடுத்துக் கப்பலேறிவிட்டார்கள். இங்கே வந்தபின் நிஜமாகவே குடும்பமாகி, இரண்டு பிள்ளைகள். "நிகில் நல்ல மனுஷன். ஆனா அன்னைக்குக் கையை விட்டவர் வந்து நின்னா என்ன பண்றதுன்னு இன்னும் யோசிப்பேன்" என்றாள். என் பை பக்கத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். வங்காளிகள் அண்ணனை தாதா என்பார்கள்.

"இதை எழுத வேண்டாம் தாதா, சும்மா கேட்டுக்கோ."

தலையாட்டினேன். அன்று மாலை துறையில் படகுக்குக் காத்திருந்தபோது, ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். ஏன் எழுதினாய் என்று கேட்டால் சொல்ல நல்ல காரணம் எதுவும் இல்லை. நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று புரொபசர் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

புத்தகம் வந்தது

சொன்னார். முதுகில் தட்டிக் கொடுத்தார். பெயர் எதுவும் வெளியே வராது என்றும் சொன்னார். அப்புறம் அவர் கப்பலேறிப் போய், இரண்டு மூன்று வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. கெட்டி அட்டை, இங்கிலீஷ். ஆபீஸுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். முன்னுரையில் 'உள்ளூர் உதவியாளர் ஒருவருக்கு' நன்றி சொல்லியிருந்தார். அந்த ஒருவர் நான்தான் என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டு பக்கத்தைப் புரட்டியவன், நடுவில் நின்றுவிட்டேன். சாருபாலாவை சாருலதா ஆக்கியிருந்தார். ஊருக்குப் பெயர் இல்லை. ஆனால் உப்பங்கழி இருந்தது, துறையில் ஒரே படகு இருந்தது, படகோட்டியின் மனைவி இருந்தாள். மீன் ஆய்ந்தபடி சொன்னாள் என்பதுகூட இருந்தது.

பதறிப்போய்க் கடிதம் எழுதினேன். இந்தத் தீவில் ஒரு படகோட்டி என்றாலே யார் என்று தெரிந்துவிடும், எழுதக்கூடாது என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டதையும் உங்களிடம் சொன்னேனே என்று எழுதினேன். சொன்னேனா என்பது எனக்கே சந்தேகம்தான். பதில் வந்தது. நலம் விசாரித்திருந்தார். கடைசியில் ஒரு வரி:

"புத்தகத்திலேயே சிறந்த பகுதி அதுதான் என்று இங்கே எல்லோரும் பாராட்டுகிறார்கள்; உங்களுக்கும் அதில் பங்கு உண்டு."

விசாரணை

அந்தக் கிராமத்துப் பள்ளிக்கு வந்த ஒரு வாத்தியார் எங்கேயோ அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறார். அவர் வாயிலிருந்து ஊருக்குள் பரவியது. நிலத்தின் மேல் கண் வைத்திருந்த எவனோ பெயர் போடாமல் மனு எழுதினான்: பொய்க் குடும்பம் காட்டி சர்க்கார் நிலம் வாங்கிவிட்டார்கள் என்று. விசாரணைக்கு ஒரு அதிகாரி கிளம்பினார். வங்காளி தெரிந்த குமாஸ்தா யார் என்று தேடினார்கள். நீங்கள் நினைப்பது சரி.

காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. படகுத் துறையில் நிகில் என்னைப் பார்த்தார்; கை கொடுத்து ஏற்றிவிட்டார். வீட்டுக்குப் போனதும் அதிகாரி என்னிடம், "இவள் யார் மனைவி என்று கேள்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சாருபாலா ஹிந்தியிலேயே நேராக அவரிடம் பதில் சொன்னாள். கடைசிவரை ஹிந்திதான். உடைந்த ஹிந்தி. வார்த்தை கிடைக்காமல் திணறியபோதும் என் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. நிலத்தைப் பிடுங்க அவருக்கு மனசில்லை. ஒரு வழி சொன்னார். முதல் புருஷன் கலவரத்திலேயே இறந்துவிட்டான், என் கண்ணால் பார்த்தேன் என்று எழுதிக் கைநாட்டு வைக்க வேண்டும். பிறகு நிகிலோடு கல்யாணத்தைப் பதிந்துகொண்டால் ஃபைலை மூடிவிடலாம். பிள்ளைகள் இரண்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றன. நிகில், "உனக்கு இஷ்டமில்லேன்னா வேண்டாம், நிலம் போனா போகட்டும்" என்றார். அவள் எழுந்து வந்து கட்டை விரலை நீட்டினாள். மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே, அன்று முதல்முறையாக என்னிடம் வங்காளியில் பேசினாள்:

"இத்தனை வருஷமா அவரைக் காணாமப் போனவராத்தான் வச்சிருந்தேன் தாதா, இன்னைக்கு என் கையாலயே கொன்னுட்டேன்."

ஆராய்ச்சி செய்தவர்கள் உண்மையை எடுத்துக்கொண்டு கப்பலேறிவிடுவார்கள். அதைச் சொன்னவர்களோடு அதே தீவில், அதே படகில், எதிரும் புதிருமாக உட்கார்ந்து வயசாவதுதான் மொழிபெயர்த்தவனுக்குக் கொடுத்திருக்கிற வேலை.