மார்மோசெட் குரங்கும் அப்பாவின் காதும்

உள்காதை ஆராய எலி போதாதா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் நான்கு காரணங்கள் இருந்தன. எலிக்குக் கேட்கும் பல சத்தங்கள் நமக்குக் கேட்பதில்லை. சில பரம்பரைக் காது நோய்கள் எலிக்கு நம்மைப் போல வருவதில்லை. அணிலைவிடச் சற்றே பெரிய மார்மோசெட் குரங்கோ நம்மைப் போலவே ஓயாமல் குரல் கொடுத்துப் பேசும். நான்காவது காரணம் அப்பா.

அப்பா ஆரணிக்குப் பக்கத்துச் சேவூரில் விசைத்தறி ஓட்டியவர். தறிகள் ஓடும்போது அங்கே யாரும் கத்திப் பேசமாட்டார்கள், கத்தினாலும் கேட்காது. குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அகலமாக அசைப்பார்கள். அப்பாவின் காது போன பிறகு வீட்டிலும் அப்படித்தான் பேசினோம்.

வெளிநாட்டு ஆய்வகத்தில் சேர்ந்து, முதல் விடுமுறைக்கு ஆரணி வந்திருந்தேன். திரும்பிப் போனதும் ஒரு வேலை காத்திருந்தது. நான் தீனி கொடுத்துப் பழக்கிய ஒரு மார்மோசெட்டின் உள்காதை எடுத்துப் பார்க்க வேண்டும். அது கெட்டியான எலும்புக்குள் இருப்பது. உயிரோடு இருக்கையில் அதன் செல்களைப் பார்க்க வழியில்லை. மயக்கம் கொடுத்து, விழிக்காமலே முடித்துவிடுவோம். அதை நானே செய்வதா, கூட வேலை செய்பவரிடம் விட்டுவிடுவதா என்று தெரியவில்லை.

அம்மா சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயருக்கு விளக்குப் போடுபவள். அவள் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, அப்பாவிடம் உதட்டால் மட்டும் சொன்னேன்.

அப்பா முழுக்குரலில் கேட்டார்: "இன்னாது, கொரங்கைக் கொல்லணுமா?"

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணி, கொரங்கு பூந்துடுச்சா? கொம்பு எடுத்தாரட்டா?"

"இங்க ஒண்ணும் இல்ல, நீ போ" என்று அவளை அனுப்பிவிட்டு அம்மா என்னிடம் திரும்பினாள். "இதுக்காடி ப்ளேன் ஏறிப் போன?"

"அப்பா மாதிரி ஆளுங்களுக்காகத்தாம்மா." அப்பாவுக்கும் புரியும்படி வாயை அசைத்தே சொன்னேன்.

"எம்பேர எடுக்காத" என்றார் அப்பா. மெதுவாகச் சொல்வதாக நினைத்திருப்பார், தெருவுக்கே கேட்டது. "எனுக்கு இனிமே காது வராது. உனுக்கும் தெரியும். உனுக்கு சரின்னு பட்டா பண்ணு. எங்காது மேல பழிய போடாத."

"வேற ஆளு பண்ணமாட்டாங்களா?" என்றாள் அம்மா.

அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா முந்திக்கொண்டார். "அவங்க பண்ணா மட்டும் அது பொழச்சிக்குமா?"

அம்மா கரண்டியோடு அடுப்படிக்குத் திரும்பினாள். அப்பாவை விட்டுவிட்டு மற்ற மூன்று காரணங்களை மட்டும் வைத்து யோசித்துப் பார்த்தேன். முன்னைவிடக் கடினமாக இருந்தது. ஆனாலும் மூன்றும் பொய்யில்லை.

திரும்பிப் போனதும் நானே செய்தேன். மயக்கம் ஏறும்வரை அது என் விரலைப் பிடித்திருந்தது. அன்று போனில் அம்மா, "ஆச்சா?" என்றாள்.

"ஆச்சும்மா."

 "தலைக்குக் குளிச்சிட்டு எதுனா சாப்டு" என்றாள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தலைக்கே குளித்தேன்.