கழுவிப் போட்ட பாசி

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் தொழிற்சாலையில் அவருக்குத் தொட்டிக்காரர் என்று பேர். ஈயம் கலந்த கழிவுநீரைக் காய்ந்த கடற்பாசி நிரப்பிய தொட்டிகளில் விட்டு, தெளிந்து வரும் தண்ணீரை வெளியே திறந்துவிடுவது வேலை. பாசி ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈயம் நிறைந்து ஓய்ந்த பாசி மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கும்.

ஈயம் என்றால் அவருக்குக் குலைநடுக்கம். வேலைச் சட்டையை அங்கேயே கழற்றி, தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். தவமிருந்து பெற்ற மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாளே, அதற்காக.

கடற்பாசி நல்ல உரம் என்பது ஊரறிந்த விஷயம். அழுக்குத் துணி மாதிரி அலசினால் பிடித்ததெல்லாம் போய்விடும் என்று அவராகவே முடிவுகட்டினார். மேலாளரிடம் கேட்டார்.

"தாராளமா எடுத்துட்டுப் போ. இடம் காலியானா சரி."

நாலு தண்ணீர் விட்டு அலசி, வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தியில் போட்டார். அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தார். கீரை தளதளவென்று வந்தது. குழந்தையோ வெளிறிக்கொண்டே போனாள். வயிற்றுவலி என்று சுருண்டாள். ரத்தம் ஊறட்டும் என்று அம்மாக்காரி இன்னும் ஒரு கரண்டி கீரை ஊட்டினாள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

மருத்துவர் ரத்தத்தைப் பார்த்தார். பிறகு பாசி போட்ட கதையைக் கேட்டு, பாத்தி மண்ணையும் வாங்கிப் பார்த்தார். இரண்டிலும் ஈயம். "பிடிச்சதைப் பாசி வெறும் தண்ணிக்கு விடாதுங்க, மக்கினா மண்ணுக்கு விட்டுடும்," என்றார். குழந்தை பிழைத்துக்கொள்வாள், படிப்பு எப்படி வருமென்று இப்போது சொல்ல முடியாதாம்.

மேலாளர் முகத்தை மாற்றிக்கொண்டார். "உன்னை யாரு எடுக்கச் சொன்னா? அது திருட்டு." குப்பை என்றால் தாராளம், வியாதி என்றால் திருட்டு. நாக்கில் நரம்பில்லாத மனுஷன்.

வேலை போனது. அவர் அதற்கு அழவில்லை. பாசி வாங்கிய வீடுகளுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், அதை நினைத்துத்தான் அழுதார்.

முதலில் பக்கத்து வீடு. கதவைத் திறந்தவள் அவரைப் பேசவே விடவில்லை. உள்ளே போய் ஒரு கட்டுக் கீரையோடு வந்தாள்.

"இந்தாங்கண்ணே, பாப்பாவுக்கு வதக்கிக் குடுங்க. பாவம், பிள்ளை எப்படி இளைச்சுப்போச்சு."

"இதைத் தின்னாதேம்மா. இதுல ஈயம் இருக்கு. நான் குடுத்த பாசிதான்."

அவள் கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைத் தொட்டுக்கொண்டாள்.

"எனக்கு இது ஏழாம் மாசம்ணே," என்றாள்.