பூட்டிய குழாயடி

காபிஸ் வளைகுடாவில் கடல் வற்றும் நேரத்தில் சேற்றுக்குள் குனிந்து மட்டிச் சிப்பி பொறுக்குவதுதான் ஹலூமாவின் பிழைப்பு. பத்தொன்பது குளிர்காலமாக அதே வேலை. வேலை முடிந்து கரையேறினால், முழங்கால் வரை கறுப்புச் சேறு. வீட்டுக்கு ஒன்றரை மணி நேர நடை. அதற்குள் நண்பகல் லுஹர் தொழுகையின் நேரம் போய்விடும் என்பதால், வழியிலுள்ள பள்ளிவாசலில் முகம் கைகால் கழுவி உளூ செய்து தொழுதுவிட்டுப் போவது அவளுக்கும் கூட வரும் நான்கு பெண்களுக்கும் வழக்கம். பள்ளிவாசலின் பின்புறத்தில் பெண்களுக்கென்று கதவும் கூரையுமாக இருந்த குழாயடி, அந்தப் பெண்களே கல் சுமந்து கட்டியது.

அந்த வருஷம் அதன் கதவில் பூட்டுத் தொங்கியது. பாங்கு சொல்லும் மோதினார் ஷத்லியிடம் கேட்டால், சாவி பள்ளிவாசல் தலைவர் முன்ஸெஃப் ஹாஜியாரிடம் இருக்கிறது என்றார். ஹாஜியாரிடம் கேட்டால், பெண்களுக்கு வீட்டுத் தொழுகைதானே மேல் என்றார். ஆண்கள் பக்கம் படகுக்காரர்கள் சேற்றுக் காலோடு வந்து ஆற அமரக் கழுவிக்கொண்டுதான் இருந்தார்கள். மூன்று வாரம் ஹலூமா கடல் தண்ணீரிலேயே உளூ செய்து, காற்றடிக்கும் மணலில் துணி விரித்துத் தொழுதாள். உள்ளுக்குள் எரிந்தது.

ஒருநாள் அவள் கூட்டாளி ஸாதியாவின் கால்விரலைச் சேற்றுக்குள் கிடந்த கண்ணாடி கிழித்துவிட்டது. ஆண்களெல்லாம் உள்ளே தொழுதுகொண்டிருந்த நேரம். ஸாதியா அவர்களுடைய குழாயில் ரத்தத்தைக் கழுவிவிட்டு, முகத்தையும் கைகளையும் கழுவி, ஈரக்கையால் தலையைத் தடவினாள். காலை நீட்டும்போது தண்ணீர் நின்றது. தொழுகை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்த ஷத்லி, அவளைப் பார்த்துவிட்டுச் சுவரோரத்தில் இருந்த தண்ணீர் வால்வை இறுக்கி மூடிவிட்டார்.

"கடல் பூரா தண்ணி கெடக்கு. அங்க போயி கழுவேன்."

ஸாதியா சேற்றுக்காலை ஊன்றி எழுந்தாள். அவள் தலைகுனிந்து நடந்ததைத்தான் ஹலூமாவால் தாங்க முடியவில்லை. மட்டி தோண்டும் இரும்பை எடுத்துக்கொண்டு நேரே பின்புறம் போனாள். உப்புக்காற்றில் துருப்பிடித்த கதவுக் கீல், இரண்டு நெம்பில் கழன்று வந்தது.

உள்ளே குழாய் தெரியவில்லை. கூரை வரை தரை ஓட்டுப் பெட்டிகள். எல்லாவற்றிலும் ஹாஜியார் கடையின் பெயர்.

"இதுக்காகவா நம்மள மணல்ல தொழ விட்டான்?" என்றாள் ஹலூமா. ஐந்து பெண்களும் பெட்டி பெட்டியாகத் தூக்கிப் போய், ஆண்களுடைய குழாய்களுக்கு முன்னால் இடுப்புயரத்துக்கு அடுக்கினார்கள். ஷத்லி தடுத்துப் பார்த்தார், பிறகு ஹாஜியாரைக் கூப்பிட ஓடினார்.

மாலை அஸர் தொழுகைக்கு வந்த ஆண்கள் குழாயை நெருங்க முடியாமல் நின்றார்கள். ஹாஜியார் வேகமாக வந்தார்.

"அல்லாஹ் வீட்டுக் கதவை ஒடைச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"அல்லாஹ் வீட்டக் கெடங்காக்குனது யாரு ஹாஜியாரே? பெட்டியில பேரு இருக்கு. படிச்சுக் காட்டவா?" என்றாள் ஹலூமா.

படகுக்காரர் ஒருவர் குனிந்து பெயரை வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. எப்போது எடுப்பீர்கள் என்று அவர் ஹாஜியாரிடம் கேட்டார், கொஞ்சம் சத்தமாகவே. பொழுது சாய்வதற்குள் சிறு லாரி வந்து பெட்டிகளை ஏற்றிப் போனது.

குழாயடி திறந்துவிட்டது. நான்கு குழாய்களில் இரண்டில்தான் தண்ணீர் வருகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பெண்களின் பொறுமையைப் பற்றி இமாம் நீளப் பேசியதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஹலூமா பல்லைக் கடித்தபடி கேட்டாள். ஹாஜியாரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கதவை உடைத்ததற்கு ஹலூமா வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று, பள்ளிவாசலிலிருந்து அவள் கணவனிடம் இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள்.

அவள் போகவில்லை.