வெள்ளைத் துணி கட்டிய கேரியர்

எண்ணூர் போகிற சாலையில் ஷேர் ஆட்டோ திரும்பும்போது, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தெரியும். அது ஒரு காலத்தில் ரயில் நிலையம் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நடைமேடை முழுக்கச் சீமைக்கருவேலம். பெயர்ப்பலகையில் எழுத்தெல்லாம் உரிந்து தகரம்தான் மிச்சம். பெயர் இருந்தபோதும் நாங்கள் அதைச் சொன்னதில்லை. எங்களுக்கு அது ஷெட்டு.

கடலோரத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிவரப் போட்ட கிளைப்பாதை அது. டிக்கெட் கொடுக்க ஒரு ஜன்னல், உட்கார ஒரு சிமெண்ட் பெஞ்சு, நிழலுக்கு ஒரு பூவரசு. ஒரு நாளைக்கு மூன்று முறை ஷட்டில் வண்டி வரும். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஒரு திங்கட்கிழமை வண்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்புறம் நாங்கள் பஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தோம். அந்த ஸ்டேஷனின் சரித்திரம் இவ்வளவுதான்.

எனக்கு அந்தப் பதினோரு மணி வண்டியை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. ராயபுரத்தில், துறைமுகத்தில் வேலை செய்கிற ஆம்பளைகளுக்கெல்லாம் சோறு அதில்தான் போகும். பெண்கள் வரிசையாகக் கேரியர்களோடு நிற்போம். கார்டு தன் பெட்டியில் வாங்கி அடுக்குவார். ராயபுரத்தில் அவரவர் கேரியரை அடையாளம் கண்டு எடுத்துக்கொள்ள, கைப்பிடியில் ஒரு துணி கட்டுவோம். அவளவள் புடவையில் கிழித்த துணி. என்னுடையது பச்சை. காலிக் கேரியர் சாயங்கால வண்டியில் திரும்பி வரும்.

நான் வியாசர்பாடியில் பிறந்தவள். கல்யாணமாகி ஐந்தாவது மாதம், வாய் சும்மா இருக்காமல், என் வீட்டுக்காரரிடம் "உங்க வூடு பூரா கருவாட்டு நாத்தம்" என்று சொல்லிவிட்டேன். என் மாமியார் கருவாடு காயவைத்து விற்றுத்தான் அவரை வளர்த்தார். அவருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது.

"புடிக்கலன்னா உங்க வூட்டுக்குப் போ" என்றார்.

"நான் இன்னாத்துக்குப் போவணும்? நீ போ" என்றேன்.

அந்த மனுஷன் நிஜமாகவே போய்விட்டார். ராயபுரத்தில் அவருடைய அக்கா வீட்டில் தங்கிக்கொண்டார். வீட்டில் நானும் மாமியாரும்தான். பத்து நாளாயிற்று. பேச்சும் இல்லை, தகவலும் இல்லை. சோறு மட்டும் தவறாமல் அனுப்பினேன். கேரியர் சுத்தமாகக் கழுவித் திரும்பி வந்தது. வீட்டிலிருந்தவரை அவர் ஒரு தட்டு கழுவியதில்லை. ஓட்டல் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல அதைக் கழுவி அனுப்பியதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. இனிமேல் வரவே மாட்டாரோ?

பதினோராம் நாள் பயம் போய்க் கோபம் வந்தது. என் புடவைத் துணி உனக்கு ஒரு கேடா என்று பச்சையை அவிழ்த்து எறிந்தேன். அவருடைய பழைய வேட்டியிலேயே ஒரு முழம் கிழித்துக் கட்டினேன்.

ஒரு விஷயத்தை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. போன் இல்லாத அந்த நாளில், கேரியரில் வெள்ளை கட்டினால் வீட்டில் சாவு என்று அர்த்தம். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது வண்டி நகர ஆரம்பித்திருந்தது. மற்ற பெண்கள் கிளம்பிவிட்டார்கள். தினமும் ஒற்றைக் கையால் வாங்கிப் போடுகிற கார்டு, அன்றைக்கு இரண்டு கையாலும் வாங்கினார். பரவாயில்லை, மரியாதை தெரிந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். லாரி ஒன்று வந்து நின்ற சத்தம். அவரும் அவரோடு வேலை செய்கிற நான்கு பேரும் இறங்கினார்கள். ஒருவர் கையில் பெரிய ரோஜா மாலை. என் வீட்டுக்காரர் தன் அம்மாவைப் பார்த்தார். அப்படியே தெருப் புழுதியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாடா ஆச்சி? யாருக்கு இன்னா?"

"அவ எங்க, அம்மா?"

"உள்ளதான் சோறு துன்னுகினு கீறா."

எச்சில் கையோடு நான் வெளியே வந்தேன். அத்தனை பேர் எதிரில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. "அம்மா வாசல்ல நிக்குது. அப்போ போனது நீதான்னு..." என்றார். மறு கையால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாலை வைத்திருந்தவர்தான் பாவம், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். விஷயம் தெரிந்ததும் என் மாமியார் என்னைத் திட்டிய திட்டில் தெருவே கூடிவிட்டது. திட்டி முடித்து, மாலையை வாங்கி மாதா படத்துக்குப் போட்டுவிட்டு, ஐந்து பேருக்கும் உலை வைத்தார்.

அவர் அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. கருவாட்டு வாடையும் எனக்குப் பழகிப்போயிற்று.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் இருவரும் ஷேர் ஆட்டோவில் அந்த வழியாக வந்தோம். அவரைத் திரும்ப வரவழைத்த இடம் என்று எனக்கு அந்த ஷெட்டு மேல் தனிப் பாசம். "ஷெட்டப் பாருய்யா, கூரையும் போவப் போவுது" என்று அவர் தோளைத் தொட்டேன். அவர் எதிர்ப்பக்கம் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

"நீ பாரு" என்றார். "அம்மாவா நீயான்னு தெரியாமலே, லாரில வந்த அந்த ஒரு மணி நேரத்துல நான் உன்ன பொதைச்சே முடிச்சிட்டேன்."